கரோல் பாக் தமிழ்வழி வகுப்பு: 'பிற நாட்டில் தலையீடு' பாடம் எப்படி?

குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுதுவோருக்காக டெல்லி கரோல் பாகில் நடக்கும் பயிற்சி வகுப்பில், வல்லரசு பிற நாட்டு விவகாரத்தில் தலையிடலாமா என்ற பாடம்தான் சிறப்பு. ஐ.நா. சாசனத்தின் 2(4) (பிற நாட்டின் மீது படைபலம் பயன்படுத்தத் தடை), 2(7) (உள்நாட்டு விவகாரத்தில் ஐ.நா. தலையிடத் தடை), 51 (தற்காப்பு உரிமை) பிரிவுகளைப் படிக்கவைத்த பிறகே உதாரணங்களுக்குப் போகிறார்கள். 1988-ல் மாலத்தீவு அரசே இந்தியப் படையைக் கேட்டது. 1999-ல் கொசோவோ விவகாரத்தில் நேட்டோ (அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் ராணுவக் கூட்டணி) யூகோஸ்லாவியா மீது நடத்திய குண்டுவீச்சுக்கு ஐ.நா. பாதுகாப்பு மன்ற அனுமதியே கிடையாது. இந்த வேறுபாடு மனதில் நன்றாகப் பதிகிறது.

அச்சிட்ட குறிப்பேடுதான் ஏமாற்றம். லிபியா பற்றிப் பாதுகாப்பு மன்றம் 2011-ல் நிறைவேற்றிய 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம், அந்நாட்டுத் தலைவர் கடாஃபியை அகற்ற அனுமதித்ததாகப் போட்டிருக்கிறார்கள். தவறு. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும்தான் அனுமதி. அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு இடமில்லை. ஆதரவு 10, வாக்களிக்காமல் விலகியவை இந்தியா உட்பட 5. இதைப் பிழையாகப் படித்தவர், லிபியாவில் நேட்டோ எல்லை மீறியதா என்ற கேள்விக்கு விடையே எழுத முடியாது.

இலங்கைக்கு வெறும் அரைப் பக்கம். தமிழ் மாணவர்களுக்கு இது அநியாயம். 1987 ஜூலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இந்திய, இலங்கை அரசுகள் மட்டுமே, புலிகள் அல்ல. அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபரிலேயே புலிகளுடன் போரில் இறங்கியதற்கான காரணத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வகுப்புக்குத் தாராளமாகச் சேரலாம். குறிப்பேட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். சாசனமும் தீர்மானங்களும் ஐ.நா. இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.