அம்பாசடரின் தளர்ந்த பிரேக்: பழுது நீக்குவதா, பூஸ்டர் வைப்பதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரில், நெடுங்காலம் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் (சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் 'ஷூ' எனும் வளைந்த கட்டைகள் விரிந்து உரசும் வகை) இருந்தது. கால் கொடுக்கும் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரும் அதில் கிடையாது. இப்படியொரு வண்டியை இன்றும் வைத்திருப்பவர் "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்று பட்டறைக்குப் போனால் மூன்று யோசனைகளில் ஒன்று கிடைக்கும்: இருக்கும் டிரம்மை முழுமையாகச் சீர்செய்வது, பூஸ்டர் பொருத்துவது, முன்சக்கரங்களை டிஸ்க்குக்கு, அதாவது சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக்குக்கு, மாற்றுவது. இவை ஒன்றைவிட ஒன்று உயர்ந்த மூன்று படிகள் அல்ல என்பது என் உறுதியான கருத்து. மூன்றும் மூன்று வெவ்வேறு குறைகளுக்கான மருந்து என்பதால், குறை எதுவென்று தெரியாமல் தேர்வில் இறங்கக் கூடாது.

குறையைப் பெரும்பாலும் பெடலே சொல்லிவிடும். மிதிக்கும்போது பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்த பிறகு பெடல் உயர்ந்து நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்டரை நெருக்கினாலே அந்தக் குறை பெரும்பாலும் தீரும். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், வெளியே ஒரு சொட்டுக் கசிவு தெரியாவிட்டாலும் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தோற்றுவிட்டது என்று கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழி இருப்பதால், இந்த அறிகுறி தெரிந்த வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டிச் செல்லக் கூடாது. பெடல் கல்போல் இறுகி நின்றும் வண்டி நிற்க மறுத்தால், ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் மெருகேறிப்போயிருக்கும் அல்லது கிரீஸையும் எண்ணெயையும் குடித்திருக்கும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால் பலரும் இடது சக்கரத்தைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். ஆனால் வண்டி நன்றாகப் பிடிக்கும் பக்கமாகத்தான் இழுக்கும். கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எங்கள் வீட்டு மார்க் 4 அம்பாசடர் இப்படி இழுத்தபோது பூஸ்டர் வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். வலது முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது ஷூவைத் தள்ளும் ஒரு வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி அசையாமல் நின்றிருந்தது. பூஸ்டர் வைத்திருந்தால் வண்டி இன்னும் பலமாக இழுத்திருக்கும்.

ஆகவே முதல் வழியான முழுச் சீரமைப்பை நான் ஒரு தேர்வாகவே கருதுவதில்லை. மற்ற இரண்டுக்கும் அதுதான் அடித்தளம். வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் புதுப்பிப்பது, லைனிங்கை மாற்றுவது, டிரம்மை லேத்தில் கடைந்து வட்டத்தைச் சரிசெய்வது ஆகியவற்றோடு ரப்பர் ஹோஸ்களையும் மாற்றியாக வேண்டும். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொண்டு, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் செய்து, ஷூவை டிரம்மோடு உரசவைப்பதுண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; ஈரம் ஏறினால் அது குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். டாட் 3 எனும் தர வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அதற்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் அனைத்தும் ஊதிக் கெட்டுவிடும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும்; ஆகவே டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது உயிர்காக்கும் வழக்கம். நகரத்துக்குள் மட்டும் ஓடும் அம்பாசடருக்கு இந்த வேலையே போதும்.

பூஸ்டர் தீர்ப்பது கால் வலியை. முதியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் ஓட்டும் வண்டிக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சுகுழாயில் உண்டாகும் வெற்றிடமே அதற்கு வலிமை தருகிறது. டீசல் வண்டிகளில் பொதுவாக அந்த வெற்றிடம் போதாது என்பதால் தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். பூஸ்டர் நலமாக இருக்கிறதா என்று அறிய, எஞ்சினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்திய காலோடு எஞ்சினை இயக்க வேண்டும். பெடல் சற்றே கீழிறங்கினால் அது வேலை செய்கிறது. ஆனால் பூஸ்டர் லைனிங்கின் பிடிமானத்தையோ டிரம் சூட்டைத் தாங்கும் திறனையோ கூட்டுவதில்லை. குறையுள்ள டிரம்முக்கு மேல் அதை வைத்தால், முன்பு பெடல் வழியாகக் காலுக்கு எட்டிய எச்சரிக்கை மறைந்துவிடுகிறது என்பதே எனக்குள்ள பெரிய அச்சம்.

பூஸ்டருக்குப் பதிலாகச் சிறிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டரைப் போடுவோரும் உண்டு. எட்டில் ஏழு அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்கு மாறினால் அதே மிதிக்கு அழுத்தம் ஏறத்தாழ 36 சதவீதம் கூடும். பெடல் பயணமும் அதே அளவு நீளும் என்பதால், இடைவெளி கூடிய டிரம்களில் பெடல் தரையைத் தொட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

சூடுதான் பிரச்சினை என்றால் டிஸ்க்குக்கு ஈடில்லை. கல்லட்டி மலைப்பாதையில் உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும்போது 36 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. அந்த இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடியும் தளர்கிறது. டிஸ்க்கோ திறந்த காற்றில் ஆறுகிறது, மழைநீரையும் உதறிவிடுகிறது. எந்த பிரேக்காக இருந்தாலும் இரண்டாம் கியரில் இறங்குவது தனிக் கடமை.

ஆனால் டிஸ்க் மாற்றம் தட்டையும் அதைக் கவ்வும் காலிப்பரையும் மாட்டுவதோடு முடிவதில்லை. டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து அழுத்தத்தைப் பெருக்குகிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் பூஸ்டர் ஏறக்குறைய கட்டாயமாகிறது. டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும்; அதை முன்சக்கர வழியில் விட்டுவைத்தால் காலிப்பரிலுள்ள உராய்வுக் கட்டையான பேடு டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பிற்கால அம்பாசடர்களில் தொழிற்சாலையே முன்பக்க டிஸ்க்கையும் பூஸ்டரையும் கொடுத்தது என்பதால், பல வண்டிகளின் பாகங்களைக் கலந்து கட்டுவதைவிட, அப்படிப்பட்ட ஒரே வண்டியின் முழுத் தொகுதியையும் மாஸ்டர் சிலிண்டரோடு எடுத்துப் பொருத்துவதையே பரிந்துரைப்பேன். இரண்டு தனி வழிகளாகப் பிரிந்த மாஸ்டர் சிலிண்டர் அத்துடன் கிடைத்தால், ஒரு குழாய் வெடித்தாலும் மறுவழி கைகொடுக்கும். செலவில் இதுவே மூன்றிலும் மிகப் பெரியது.

மாற்றிய பிறகு ஆளில்லாத திடலில், முதலில் குறைந்த வேகத்திலும் பின்னர் ஈரத் தரையிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்பே பின்சக்கரங்கள் இறுகி நின்று வண்டியின் வால் வழுக்கினால், பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைப் பொருத்தாமல் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.