ஃபைபரா, அலுமினியமா, இரும்பா: பழைய ட்ரையல்ஸ் பைக்கின் டேங்க்கை என்ன செய்வது?

பழைய ட்ரையல்ஸ் பைக் வாங்க நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் இஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். உதைத்துப் பார்க்கிறார்கள், புகையின் நிறத்தைக் கவனிக்கிறார்கள், கியர் விழுகிறதா என்று சோதிக்கிறார்கள். நான் சொல்வது வேறு. 1960களிலும் 70களிலும் பார்சிலோனாவில் இருந்து வந்த புல்டாக்கோ, மான்டெசா, ஓசா என எதுவானாலும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன், பேரிங், ஆயில் சீல் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. டேங்க் கெட்டிருந்தால் அதை எந்த வழியில் சரிசெய்யப் போகிறீர்கள் என்பதுதான் அந்த வண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

ட்ரையல்ஸ் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறைகள், ஓடைப் படுகை, வழுக்கும் சரிவு ஆகியவற்றைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஊன்றினால் அபராதப் புள்ளி. வண்டி நின்றுவிட்டால் ஐந்து. ஓட்டுபவர் பெரும்பாலும் நின்றபடியே ஓட்டுவதால், இரு முழங்கால்களுக்கும் நடுவில் இருக்கும் டேங்க் ஒடுக்கமாகவும் எடை குறைந்தும் இருக்க வேண்டும். 1964 இறுதியில் ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர், பிரிட்டிஷ் நிறுவனமான ஏரியலை விட்டு புல்டாக்கோவுக்கு வந்து ஷெர்பா டி வண்டியை உருவாக்கித் தந்தார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையலை அதில் வென்றும் காட்டினார். அதன்பின் கனமான நான்கு ஸ்ட்ரோக் பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் வேகமாக முடிந்தது. ஸ்பானிஷ் வண்டிகளின் மெலிந்த உருவத்துக்கு ஃபைபர், அதாவது ரெசினில் இறுகிய கண்ணாடியிழை, கைகொடுத்தது. அச்சு இருந்தால் போதும், வேண்டிய வளைவில் வார்த்துக்கொள்ளலாம், துருப்பிடிக்காது. அன்றைய பெட்ரோலுக்கு அது பொருத்தமான பொருள்தான்.

இன்றைய பெட்ரோலுக்கு அது பொருந்தவில்லை. பிரிட்டன் 2021 செப்டம்பரில் சாதாரண ரகப் பெட்ரோலை 10 சதவீத எத்தனாலுக்கு மாற்றியது. உயர் ரகத்தில் 5 சதவீதம் வரை இருக்கலாம். இந்தியாவில் 2030க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025க்கே முன்னகர்த்தப்பட்டது, அதை எட்டியும் விட்டார்கள். அந்தக் காலத்து பாலியஸ்டர் ரெசினை எத்தனால் மெல்ல இளக்குகிறது. முதல் அறிகுறி வெளியில்தான் தெரியும்: டாப்புக்கு (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) மேலேயும் அடி ஓரத்திலும் பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பும். உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒட்டும். கரைந்த ரெசின் பெட்ரோலோடு சேர்ந்து கார்பரேட்டருக்குள் போய், ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறக் கூழாகப் படியும், பெட்ரோல் பாயும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும், ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டியின் த்ராட்டில் ஸ்லைடை அசைய விடாமல் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து எம்-சீல் வைத்து ஒழுகலை நிறுத்துவது இந்த நோயைத் தொடக்கூட இல்லை. இளகுவது உள்பக்கம்.

உள்பூச்சு

விலை குறைந்த வழி, அசல் டேங்க்கைக் காப்பாற்றும் வழி, அதிகம் தவறாகச் செய்யப்படும் வழி, மூன்றும் இதுதான். டேங்க்குக்குள் திரவமாக ஊற்றி, உருட்டிப் புரட்டி, எல்லாச் சுவரிலும் படியவைத்து இறுகவிடும் பூச்சு. எதை ஊற்றுகிறோம் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். ஆல்கஹாலைத் தாங்காத பழைய வகைப் பூச்சுகள் சில ஆண்டுகளில் தோலாக உரிந்து டாப்பை அடைத்துவிடும். எத்தனாலுக்கு ஓரளவு நம்பி ஊற்றக்கூடியது நோவோலாக் வகை இரட்டைக் கலவை எபாக்ஸி.

அதையும் ஈரச் சுவரில் ஊற்றினால் வீண். ஐம்பது ஆண்டுகள் பெட்ரோலும் ஆயிலும் குடித்த ஃபைபர் டேங்க்கின் மூடி, டாப் இரண்டையும் கழற்றி, அதைக் காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் விட வேண்டும். மூக்கை வைத்தால் பெட்ரோல் வாசனை வரக் கூடாது. அதன்பின் கைப்பிடி அளவு கூர்மையான திருகாணிகளைப் போட்டுக் குலுக்கி, உள்சுவரின் பளபளப்பைச் சுரண்ட வேண்டும். எபாக்ஸி பிடிப்பதற்கு அந்தச் சொரசொரப்புதான் ஆதாரம். அசிட்டோன் ஊற்றி ஊறவைத்தால் ரெசினே இளகும். வேகமாக ஓர் அலசல் போதும். குளிரில் கலவை தேன்போலக் கெட்டியாகி மூலைகளுக்குப் போகாது என்பதால் வெதுவெதுப்பான அறையில்தான் ஊற்ற வேண்டும். டாப் துளையில் கிரீஸ் தடவிய போல்ட் ஒன்றைச் செருகி வைக்க மறந்தால் மரைக்குள் எபாக்ஸி இறுகிவிடும். பிறகு மரை வெட்டும் டேப் கருவியைப் போட்டு மரையை மீட்க வேண்டியதுதான்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் இதை நிரந்தரத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியை ஓட்டி முடித்ததும் டேங்க்கைக் காலி செய்துவிடும் பழக்கம் உள்ளவருக்கு இது போதும். அடியில் ஏற்கெனவே சுவர் மெத்தென்று ஆகிவிட்ட டேங்க்குக்கு இது போதாது. அடித்தளம் இளகிய இடத்தில் பூச்சு எதைப் பிடித்து நிற்கும்?

அலுமினிய டேங்க்

ஓட்டுவதற்காக ஷெர்பா வாங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. இது இன்றைய கண்டுபிடிப்பும் அல்ல. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சாலை வண்டிகளுக்கு ஃபைபர் டேங்க் கூடாது என்று சட்டம் வந்தபோது, அங்கே விற்ற ஸ்பானிஷ் வண்டிகளுக்கு உலோக டேங்க் மாட்டித்தான் கொடுத்தார்கள். ஆகவே ஷெர்பாவில் அலுமினிய டேங்க்கைப் பார்த்து அசல் போய்விட்டதே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. எடையும் அதிகரிக்காது, எத்தனாலும் சுவரை இளக்காது.

குறை இரண்டு உண்டு. ஒன்று, அதிர்வு. மவுன்டிங் காதுகளை ஒட்டிய பற்றுக் கோட்டில் மயிரிழை விரிசல் விழும். ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், அல்லது பட்டையை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால், இது சீக்கிரமே வரும். ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறையில் சரிசெய்துவிடலாம். ஆனால் பற்ற வைக்கும் முன் டேங்க்கில் பெட்ரோல் ஆவி துளியும் இருக்கக் கூடாது. காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. ஆவியும் காற்றும் கலந்து வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, உலர்த்தி, உள்ளே ஆர்கானைச் செலுத்திய பிறகே தீப்பொறி கிட்டே வரலாம். இரண்டாவது, எத்தனால் இழுக்கும் ஈரம். மாதக்கணக்கில் நிறுத்தினால் அடியில் தேங்கும் நீர் அலுமினியத்தை அரித்து வெண்பொடியாக்கும். இரும்பு டேங்க்குக்குச் சிலர் செய்யும் காஸ்டிக் சோடா வைத்தியத்தை மட்டும் இதில் செய்துவிடாதீர்கள். காஸ்டிக் அலுமினியத்தையே தின்றுவிடும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கான நகல் டேங்க்குகள் பல இந்தியாவில் செய்யப்பட்டு உலகெங்கும் போகின்றன. எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன்பே தண்ணீர் நிரப்பி ஓர் இரவு காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஃபிரேம் குழாயின் மேல் வைத்து, ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, ஃபோர்க் கிளாம்ப் இடிக்கிறதா என்றும் பாருங்கள். டாப் மரை பிரிட்டிஷ் அளவா, மெட்ரிக்கா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோட்டாவின் கதை வேறு

மேலே சொன்ன தீர்ப்பு மான்டெசா கோட்டா 247க்குப் பொருந்தாது. 1968இல் வந்த அந்த வண்டியில் டேங்க்கும் இருக்கையும் ஒரே சிவப்பு வார்ப்பாக, தலையிலிருந்து வால்வரை ஒரே ஓட்டத்தில் போகும். அதை எடுத்துவிட்டு அலுமினியப் பெட்டியை வைத்தால் கோட்டாவின் அழகே போய்விடும். எனவே இங்கே போட்டி வேறு இரண்டுக்கு இடையில்: வினைல் எஸ்டர் ரெசினில் வார்த்த புது ஃபைபர், அல்லது பழைய ஃபைபர் வார்ப்பின் ஓட்டில் அடியை அறுத்து உள்ளே மெல்லிய அலுமினிய டேங்க்கை மறைத்து வைப்பது.

வினைல் எஸ்டர், பாலியஸ்டரைவிட எத்தனாலை நன்றாகத் தாங்கும். ஆனால் விற்பவர் எந்த ரெசினில் செய்தார் என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பாலியஸ்டரில் செய்த புது வார்ப்பு, பழைய நோயைப் புது விலைக்கு வாங்குவதாகும். மறைவு டேங்க்கில் அந்தச் சந்தேகம் இல்லை. கொள்ளளவு குறையும், போட்டிக்கு அது பெரிய இழப்பல்ல. ஆனால் அறுத்த ஓடு மறுபடி ஒட்டாது. நல்ல நிலையில் இருக்கும் அசல் கோட்டா வார்ப்பின் மேல் அறுவாள் படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடி ஏற்கெனவே இளகிப்போன ஓடென்றால் தாராளமாக அறுக்கலாம், அதற்கு அதுவே சிறந்த மறுவாழ்வு.

யமஹா டி.ஒய். 175, ஹோண்டா டி.எல். 125 போன்ற ஜப்பானிய வண்டிகளில் டேங்க் இரும்பு. துருதான் எதிரி. சிட்ரிக் அமிலக் கரைசலை நிரப்பி ஒரு நாள் வைத்தால் லேசான துரு போய்விடும். கெட்டியான துருவுக்கு சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, பேட்டரி சார்ஜரால் அதில் மின்சாரம் செலுத்தினால் போதும். மின்முனையாக உள்ளே இறக்கும் கம்பி மட்டும் சாதாரண இரும்பாக இருக்க வேண்டும், எவர்சில்வர் கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரையும். ஊசிப் பொத்தலுக்கு ஈயப் பற்று, ஓரம் விட்டுப்போனால் பித்தளைப் பற்று. நம் ஊர் டிங்கர் பட்டறைகளுக்குக் கைவந்த வேலை இது.

உதிரி பாகம் எங்கே தேடுவது

தேடுவது எளிதா என்று வரிசைப்படுத்தினால் நான் புல்டாக்கோவை முதலில் வைப்பேன். 1975 முதல் 79 வரை உலக ட்ரையல்ஸ் பட்டம் தொடர்ந்து ஷெர்பா ஓட்டியவர்களுக்கே போனது. அவ்வளவு வண்டிகள் விற்றன, அதனால் நகல் பாகம் செய்வதும் கட்டுபடியாகிறது. இங்கிலாந்தில் சாமி மில்லரின் நிறுவனமே இன்றும் ட்ரையல்ஸ் பாகங்கள் விற்கிறது. ‘ஷெர்பா’ என்ற பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள். அந்தப் பெயரில் பல மாடல்கள் உண்டு. இஞ்சினிலும் ஃபிரேமிலும் பொறித்த எண்ணின் முன்பகுதிதான் மாடலைச் சொல்லும். புல்டாக்கோ தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அந்த இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், பிறகு இஞ்சின் மாற்றப்பட்டதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மான்டெசா, ஹோண்டாவின் கைக்குப் போய் நிறுவனமாகப் பிழைத்துக்கொண்டது. பழைய கோட்டா பாகங்களை மட்டும் தனி வியாபாரிகளிடமே தேட வேண்டும். மிக் ஆண்ட்ரூஸ் 1971, 72 இரண்டிலும் ஐரோப்பியப் பட்டம் வென்ற ஓசாவுக்குத்தான் அலைச்சல் அதிகம்.

பெட்டி பிரிக்காத பழைய கையிருப்பு, புதிய நகல், செகண்ட் ஹேண்ட் என்ற மூன்றில் எல்லோரும் முதலாவதைத்தான் உயர்வாக நினைக்கிறார்கள். ரப்பருக்கு அது தவறு. ஐம்பது ஆண்டுகள் உறைக்குள் கிடந்த ஆயில் சீல் உறைக்குள்ளேயே கெட்டியாகியிருக்கும்; புதிய நகலே மேல். கியருக்கு நேரெதிர்: பற்களின் ஓரம் மழுங்காத அசல் செகண்ட் ஹேண்ட் கியரை நான் நகலுக்கு முன் எடுப்பேன். ரிம்முக்கு அலைய வேண்டாம், பழைய ஸ்பானிஷ் ரிம் பிராண்டான ஆக்ரோன்ட் பாணி ரிம்களை ஸ்பெயினில் மோராட் நிறுவனம் இன்றும் செய்கிறது.

கார்பரேட்டரில் மட்டும் பழையதைப் பிடித்துத் தொங்குவதில் பயனில்லை. ஷெர்பாவில் இருந்த அமால் கான்சென்ட்ரிக் வகையை இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் புதிதாகவே தயாரிக்கிறது. தேய்மானம் குறைந்த கடின அனோடைஸ் ஸ்லைடும், எத்தனாலைத் தாங்கும் ‘ஸ்டே-அப்’ ஃப்ளோட்டும் அதற்குக் கிடைக்கின்றன. டேங்க் வேலை முடிந்த கையோடு ஃப்ளோட், ஊசி, பெட்ரோல் ட்யூப் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ட்யூபின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புக் கூழைப் புது எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து, புத்தம் புது ஜெட்டை முதல் ஓட்டத்திலேயே அடைத்துவிடும்.