15 எச்.பி. மிதவைத் தீவன எக்ஸ்ட்ரூடர்: மெஷின் நல்லது, டை அடைப்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

தீவன மாவை ஒரு ஸ்க்ரூ சூட்டோடு அமுக்கி, டை எனும் துளைத் தட்டு வழியே தள்ளி, மிதக்கும் மீன் தீவனமாக்கும் மெஷின்தான் எக்ஸ்ட்ரூடர். மணிக்கு 60 முதல் 80 கிலோ என்று சொல்லி விற்கப்படும் 11 கிலோவாட் (15 எச்.பி.) சிங்கிள் ஸ்க்ரூ மெஷின் வகை பற்றியது இந்த மதிப்பீடு. கட்லா, ரோகு, கிஃப்ட் திலாப்பியா வளர்க்கும் சிறு குளக்காரர்களுக்கு இந்த அளவு போதும். 3, 4 மி.மீ. டையில் தீவனம் சீராக வருகிறது, நன்றாக மிதக்கிறது. குறை என்றால் கூடத் தரும் கையேடுதான். அடைத்தால் என்ன செய்வது, அடைக்காமல் எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்காது. டையின் துளைதான் அடைக்கிறது, ஆனால் கோளாறு பெரும்பாலும் மாவில் இருக்கும், அல்லது மெஷினை நிறுத்திய விதத்தில் இருக்கும்.

முதலில் மாவு. அதிலுள்ள மிகப் பெரிய துகள், துளை விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2 மி.மீ. டைக்கு 0.6 மி.மீ. சல்லடையில் சலித்த மாவுதான் போட வேண்டும். அரவை மில்லில் ‘நைஸ்’ என்று கொடுப்பதை நம்ப முடியாது. தேங்காய்ப் பிண்ணாக்கின் நாரும், நெத்தோலித் தலையின் முள்ளும் குறுக்கே விழுந்து துளையை மறித்தால், பின்னால் வருவதெல்லாம் அதன் மேல் இறுகிக்கொள்ளும்.

குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு: கருவாட்டோடு வரும் மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல்மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கிறது. சிர்கான் சாதாரண மணலைவிடக் கடினம். ஸ்க்ரூவையும் டைத் துளையையும் அது அரத்தைப் போல ராவிவிடும். ஹாப்பர் (மாவு போடும் தொட்டி) வாயில் காந்தம் வைத்தால் ஆணியும் கம்பித் துண்டும் சிக்கும், சிர்கான் சிக்காது. அதனால் வலையிலோ சிமென்ட் தளத்திலோ காய்ந்த கருவாட்டைக் கேட்டு வாங்குங்கள். அரைப்பதற்கு முன் முழுக் கருவாட்டைக் கண் அகன்ற சல்லடையில் போட்டுக் குலுக்குங்கள். உதிரும் மணலைப் பார்த்தால் இந்த வேலை ஏன் என்று புரியும்.

சாளை (மத்தி) கருவாடு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையே கூட்டிவிடக் கூடாது. மாவில் கொழுப்பு 12 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்க்ரூ வழுக்கும். மாவு முன்னே நகராமல், ஸ்க்ரூ சுழலும் குழாயான பேரலுக்குள் நின்று கருகும், அந்தக் கருகல் பிசிறு டையில் போய் அடைக்கும். மிதப்பதற்கும் பிடிப்புக்கும் மாவுச்சத்து குறைந்தது 20 சதவீதம் வேண்டும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மாவு அதற்கு அருமையானது. ஆனால் ஆறினால் கல்லாக இறுகுவதும் அதே மரச்சீனிதான்.

தண்ணீர் அளவு எப்போதும் ஒன்றாக இருக்காது. கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உடைய வேண்டும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் தவிடும் பிண்ணாக்கும் காற்றிலிருந்தே ஈரம் இழுத்திருக்கும். வெயில் காலக் கணக்கில் தண்ணீர் விட்டால் மாவு ஹாப்பரிலேயே கட்டிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தாலோ டையருகே காய்ந்து இறுகும்.

அடைப்பு வரப்போவதை ஆம்பியர் மீட்டர் முன்கூட்டியே காட்டும். 11 கிலோவாட் மோட்டாரின் முழுச் சுமை சுமார் 21 ஆம்பியர். ஓட்டத்தில் மீட்டர் முள் மெல்ல ஏறுகிறது, சில துளைகள் நின்று மற்றவற்றில் குச்சி நீளமாக வருகிறது, ஹாப்பர் வழியாக ஆவி பின்வாங்குகிறது என்றால் உடனே மாவு விடுவதை நிறுத்துங்கள். மீட்டர் இல்லாத பேனலோடு வரும் மெஷினை வாங்கவே வேண்டாம்.

அடைத்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். டைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. 120, 130 டிகிரியில் உள்ளே ஆவி அழுத்தம் இருக்கும், அப்போது நட்டைக் கழற்றினால் வெந்த மாவு முகத்தில் அடிக்கும். முழுக்க ஆறவிட்டால் கழற்றவே முடியாது. 80, 90 டிகிரிக்கு இறங்கியதும், தடித்த கையுறை போட்டு, பக்கவாட்டில் நின்று, முதலில் கட்டரையும் (தீவனத்தை நறுக்கும் கத்தி) பிறகு டையையும் எடுங்கள். பேனலில் தெரிவது பேரலின் வெளிச்சுவர்ச் சூடு, உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

டைத் தட்டை வெந்நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் பித்தளைக் கம்பியால், மாவு வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தள்ளுங்கள். ஆணியாலோ டிரில் மெஷினாலோ குத்தினால் துளை கோணலாகி, தீவனமும் கோணலாகவே வரும். கேஸ் அடுப்பில் காட்டி எரிப்பதும் தவறு, இரும்பின் கடினம் போய்விடும். ஸ்க்ரூவே சிக்கியிருந்தால் டையைக் கழற்றிய நிலையில் ஹீட்டரை 110 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். மெயினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது சுற்றாதவரை மோட்டாரைத் தொடக் கூடாது.

நிறுத்தும் முறையில்தான் பாதி அடைப்பு தீரும். கடைசி 2, 3 கிலோவாகத் தவிட்டில் கொஞ்சம் எண்ணெயும் கூடுதல் தண்ணீரும் பிசைந்து விடுங்கள். மரச்சீனி மாவைத் தள்ளி வெளியேற்றிவிட்டு, இறுகாத பொருள் உள்ளே நிற்கும். பிறகு மேலே சொன்ன சூட்டில் டையைக் கழற்றிக் கழுவி எண்ணெய் தடவி வையுங்கள். ஓடும்போது கரண்ட் போனாலும், வரும் என்று காத்திருக்காமல் இதே போல் டையைக் கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போது டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துளை வாய் கூம்பாகக் குடையப்பட்டிருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் துளைகளுக்கு இடையே மாவு தேங்கும். 1 மி.மீ. டையைத் தவிர்க்கலாம். குஞ்சுகளுக்கு 2 மி.மீ. தீவனத்தை உடைத்துச் சலித்துப் போடலாம். அந்தக் காசுக்கு 2 மி.மீ. தட்டு இன்னொன்று வாங்கினால், ஒன்று ஊறும்போது மற்றதில் வேலை ஓடும்.