குறளா, நாலடியாரா: எதைப் பாடமாக்குவது?

சாதாரண தரப் பரீட்சை (O/L) எழுதப்போற கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் இருக்கு. இரண்டிலும் கல்வி அதிகாரத்தை மட்டும் எடுப்பம்.

பாடமாக்க:
குறள் – இரண்டடி, ஏழு சீர், பஸ்ஸில் போகும்போதே மனதில் ஏறிவிடும்.
நாலடியார் – நாலடி வெண்பா. மூன்றாம் அடியில் தடக்கும்.

கருத்து:
குறள் – கல்வி அழியாத செல்வம். 2009 போரில் வீடு, வயல், மாடு எல்லாத்தையும் விட்டுவந்த எங்கட சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.
நாலடியார் – கல்விக்குக் கரையில்லை, கற்பவருக்கு நாள் சில, பிணியோ பல. ஆகவே நீரை ஒழித்துப் பாலை உண்ணும் குருகுப் பறவையைப்போலத் தெரிந்து படி. எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகுது. (ரியூசன் குறிப்புக் கட்டைப் பார்த்தால் உங்களுக்கும் படும்.)

உவமை: நாலடியார்தான்.

கட்டுரையில் மேற்கோளுக்குக் குறள். விவாத மேடையில் வாதத்தை வளர்க்க நாலடியார்.