பழசைப் பார்ப்பதா, ரீமேக்கைப் பார்ப்பதா? நான்கு விஞ்ஞானத் திகில் படங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு நாள் போன் செய்தான். "மாமா, 'தி திங்'னு ரெண்டு மூணு படம் இருக்கே, எதைப் பார்க்கிறது?" 1982-ல் வந்ததைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் வைத்த பிறகு மனது கேட்கவில்லை. 1951 படம் எனக்கு அவ்வளவு வேண்டிய படம். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கடலூரில் பஸ் ஏறினேன். நாலைந்து வாரம் இப்படியே போய், பழைய படம் ஒன்று, அதன் ரீமேக் ஒன்று என்று ஜோடி ஜோடியாக இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் 'திங்'. இதற்கு மூலம் ஜான் கேம்ப்பெல் 1938-ல் எழுதிய ஒரு கதை. அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம். பனிக்குள் புதைந்து கிடந்த வேற்றுக்கிரகப் பிராணி உயிர் பெறுகிறது. அது யாரை விழுங்குகிறதோ அந்த ஆளாகவே மாறிவிடும். ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில் கிறிஸ்டியன் நைபி இயக்கம் என்ற பெயரில் 1951-ல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' இந்த உருமாற்றத்தைத் தூக்கிவிட்டது. கதையை வடதுருவத்துக்குக் கொண்டுபோய், ரத்தம் குடிக்கும் ஒரு தாவர மனிதனை வைத்தது. கதையைப் படித்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்தான். மறுக்கவில்லை.

ஆனாலும் அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பனிக்கு அடியில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது. அதன் ஓரம் எங்கே என்று பார்க்க ஆளுக்கு ஒரு பக்கம் நடந்து, விளிம்பில் நின்று கையை விரிக்கிறார்கள். நின்றபின் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அத்தனை பேரும் ஒரு வட்டத்தில் நிற்கிறார்கள். பறக்கும் தட்டு என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. மனிதர்களை நிறுத்திவைத்தே ஒரு விண்கலத்தைக் காட்டிவிட்டார்கள். அக்கா மகன் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தான்.

இந்தப் படத்தில் யாரும் தனியாக நிற்பதே இல்லை. எப்போதும் ஏழெட்டுப் பேர் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் பேசிக்கொண்டு இருப்பார்கள். எனக்கு அது எங்கள் வீட்டு முன்அறை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் பக்கம் கரையேறியபோது, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் மூன்று குடும்பம் இருந்தது. ஓட்டு வீட்டுக்காரர்கள் இரவே வந்துவிட்டார்கள். ஒரு ஸ்டவ், ஒரு எமர்ஜென்சி லைட். வாசல் கதவு உள்பக்கமாக வளைந்து வளைந்து வருகிறது. நாலு பேர் பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து முட்டுக் கொடுத்துவிட்டு, அதிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அப்புறம் 12 நாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அந்த 12 நாளும் யார் வீட்டில் என்ன வெந்ததோ அது எல்லோருக்கும். 1951 படத்தில் ஒரு இடத்தில் கேப்டன் கதவைத் திறக்கிறான்; அந்தப் பிராணி நேர் எதிரே நிற்கிறது; எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்து கதவைச் சாத்துகிறார்கள். எப்போது பார்த்தாலும் என் தோளில் அந்தப் பீரோ வந்து அழுத்துகிறது.

சரி, 1982. அதை இயக்கிய ஜான் கார்ப்பெண்டருக்குப் பழைய படத்தின் மேல் எவ்வளவு பிரியம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அவருடைய 1978 'ஹாலோவீன்' படத்தில் குழந்தைகள் டிவியில் பார்ப்பது இந்த 1951 படத்தைத்தான். அவ்வளவு பிரியம் இருந்தும் அதை நகல் எடுக்கவில்லை. நேராகக் கேம்ப்பெல் கதைக்குத் திரும்பிப் போய், உருமாற்றத்தை எடுத்துக்கொண்டார். அண்டார்டிகா, 12 ஆண்கள், பனியில் ஓடி வரும் ஒரு நாய், அதைத் துரத்திச் சுடும் ஹெலிகாப்டர். நாய்க்காக நாம் பதறுகிறோம். அந்தப் பதற்றமே தப்பு என்று கொஞ்ச நேரத்தில் தெரிகிறது.

உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது வயது 22-தான். உடைந்த மார்புக்குள் பற்கள் முளைப்பதும், அறுந்த தலைக்குச் சிலந்திக் கால் வருவதும் ரப்பரிலும் பிசினிலும் கையால் செய்தவை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அசைக்க முடியவில்லை. ஆனால் எனக்கு அந்தப் படத்தின் உச்சம் ரத்தப் பரிசோதனைதான். கர்ட் ரஸ்ஸல் ஆட்களைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொருவர் கட்டைவிரலிலிருந்தும் எடுத்த ரத்தம் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. செம்புக் கம்பியைச் சூடாக்கி ரத்தத்தில் வைக்கிறார். சுர்ரென்று ஒரு சத்தம். இவன் மனிதன். அடுத்த கிண்ணம். சுர். மறுபடி கம்பியைச் சூடாக்குகிறார். வேறு பேச்சோடு, நாம் அசந்திருக்கும் நேரம் பார்த்து அடுத்த கிண்ணத்தில் வைக்கிறார். ரத்தம் துள்ளி எழுகிறது. இவன் மனிதன் இல்லை. அதைவிடப் பயங்கரம், அவனோடு சேர்த்துக் கட்டப்பட்டவர்கள் எழுந்து ஓட முடியாமல் கத்துவது.

2020 மே மாதத்தை நினைத்துக்கொண்டேன். கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர் மாவட்டத்தில் கொரோனா ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் தெரியவந்த வாரம் அது. மூட்டை தூக்கப் போய் வந்த பிள்ளைகள். அவர்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். தானே புயல் அன்று எங்கள் வீட்டில் படுத்திருந்த ஒரு குடும்பத்தின் பையனும் அதில் ஒருவன். அவர்கள் வாசலைத் தாண்டும்போது நான் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்கி நடந்தேன். ரிசல்ட் வரும் வரை அவன் அம்மா ஜன்னலில் நின்று போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. நான் அவர்களிடம் பழையபடி பேசுவதற்கு வெகுநாள் ஆனது.

அதே தெரு, அதே ஆட்கள். முதல் ஆபத்து வெளியே இருந்து வந்தது, கதவைப் பிடித்தோம். இரண்டாவது ஆபத்து யாருக்குள் இருக்கிறது என்று தெரியவில்லை, ஒருவரை ஒருவர் பிடித்தோம். 1951-ம் 1982-ம் எனக்கு அப்படித்தான் பிரிகின்றன. இரண்டில் சிறந்த சினிமா 1982 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளிவந்தபோது அது ஓடவில்லை என்பதை இன்று நம்பக்கூட முடியாது. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டிய ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. விமர்சகர்கள் கார்ப்பெண்டரைக் கிழித்தார்கள்.

2011-ல் வந்த இன்னொரு 'திங்' 1982 கதைக்கு முந்திய நார்வே முகாமின் கதை. 1982 படத்தில் அந்த முகாமில் சொருகிக் கிடக்கும் கோடாலி அங்கே எப்படி வந்தது என்பது வரை கவனமாகப் பொருத்தியிருக்கிறார்கள். இந்தப் படத்துக்கும் கையால் உருவங்கள் செய்தார்கள். பிறகு பெரும்பாலானவற்றின் மேல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைப் பூசிவிட்டார்கள். அந்தக் கலைஞர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்தப் படத்தை விட்டுவிடலாம்.

'தி பிளாப்' ஜோடிக்கு அதிக நேரம் வேண்டாம். 1958-ல் சிவப்புக் கூழ் ஒன்று ஊரை விழுங்க வருகிறது; இளம் ஸ்டீவ் மெக்வீன் சொல்வதைப் பெரியவர்கள் நம்பவில்லை. சினிமா கொட்டகையிலிருந்து ஜனங்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடும் காட்சிக்காகவே ஒரு முறை பார்க்கலாம். கடைசியில் அதை உறையவைத்து வடதுருவத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அங்கே குளிர் இருக்கும் வரை பயமில்லை என்று ஒரு வசனம் வருகிறது. இன்று அதைக் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. 1988 ரீமேக்கில் கூழ் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தது இல்லை, அரசாங்கமே செய்த கிருமி ஆயுதம். வேகமான, நன்றாக எடுக்கப்பட்ட படம். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் 1988.

'தி ஃபிளை'யில் எனக்குத் தயக்கம் கிடையாது. 1986 டேவிட் குரோனென்பர்க் படம்தான். 1958 படத்தைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொருளை ஓர் இடத்தில் கரைத்து இன்னோர் இடத்தில் உண்டாக்கும் பெட்டி; விஞ்ஞானியோடு ஓர் ஈயும் உள்ளே போய்விடுகிறது; அவன் தலையும் ஒரு கையும் ஈயுடையதாகிவிடுகின்றன. துணியால் முகத்தை மூடிக்கொண்டு, பேச்சும் போய், டைப் அடித்தும் கரும்பலகையில் எழுதியும் மனைவியிடம் பேசுகிறான். துணி விலகியதும் ஈயின் கண் வழியே பார்க்கிறோம், அலறும் மனைவியின் முகம் சின்னச் சின்னதாகப் பெருகித் திரை முழுக்க. நல்ல இடம். ஆனால் அங்கே மாற்றம் ஒரே நொடியில் நடந்து முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் அந்த ஈயைத் தேடிப் பிடிப்பது.

குரோனென்பர்க் அந்த ஒரு நொடியைப் படம் முழுக்க இழுத்துவிட்டார். ஜெஃப் கோல்ட்ப்ளம் பெட்டியிலிருந்து முழு ஆளாகத்தான் வெளியே வருகிறார். முன்பைவிட பலமாகக்கூட இருக்கிறார். அப்புறம் முதுகில் முரட்டு முடி. அப்புறம் ஒரு நகம் கழன்று கையோடு வருகிறது. பல் விழுகிறது. காது விழுகிறது. விழுந்ததையெல்லாம் குளியலறை அலமாரியில் எடுத்து வைத்து அருங்காட்சியகம் என்கிறார். ஜீனா டேவிஸ் அந்த நிலையிலும் வந்து அவரைக் கட்டிக்கொள்கிறார். மேக்கப்புக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், நியாயம்தான். ஆனால் மேக்கப்புக்குப் பின்னால் கோல்ட்ப்ளமின் கண் மட்டும் மாறாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு ஆஸ்கர் பரிந்துரைகூட இல்லை.

என் அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண் வந்து முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அதை என்னடா பண்ணுவாங்க?" என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதத்தில் பாதம் வரை போனது. அந்த அலமாரிக் காட்சியை முன்பும் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு பார்த்தபோதுதான், உடம்பு தன் கையை விட்டுப் போவதைப் பார்க்கிற ஒருவனின் மரியாதை அதில் இருப்பது தெரிந்தது.

கடைசி ஜோடியில்தான் எனக்கும் அக்கா மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்', டான் சீகலின் 1956 கருப்பு வெள்ளைப் படமும், பிலிப் காஃப்மனின் 1978 படமும். பெரிய பெரிய காய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மனிதனின் நகல் வளர்கிறது. நீங்கள் தூங்கியதும் அது உங்கள் இடத்துக்கு வந்துவிடும். முகம், குரல், ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். பாசம் மட்டும் இருக்காது.

1956 படம் ஒரு சிற்றூரில் நடக்கிறது. ஒரு பெண் டாக்டரிடம் சொல்கிறாள்: இவர் என் மாமா இல்லை. தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார், கழுத்துத் தழும்புகூட அப்படியே இருக்கிறது, சின்ன வயது விஷயமெல்லாம் சொல்கிறார், ஆனால் என்னைப் பார்க்கும்போது கண்ணில் வரும் அந்த ஒன்று இல்லை. எல்லோரும் எல்லோரையும் தெரிந்த ஊரில் இதைவிடப் பயங்கரம் என்ன இருக்கிறது? நான் மஞ்சக்குப்பத்தில் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்துப் பேர் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரும் நாளைக்கும் அதே வார்த்தையைக் கேட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தால்?

இதே படத்தில் சதுக்கக் காட்சி. சனிக்கிழமை காலை. டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். வழக்கமான ஜனங்கள், வழக்கமான நடை. திடீரென எல்லோரும் ஒன்றாகத் திரும்பி நடுவில் கூடுகிறார்கள். காய்கள் ஏற்றிய லாரிகள் வருகின்றன. ஒருவன் ஊர் பெயரைக் கூப்பிடுகிறான். அந்த ஊரில் சொந்தக்காரர் உள்ளவர்கள் வந்து காய்களை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அமைதியாக, வரிசையாக. சீசனில் பண்ருட்டிப் பலா மண்டியில் நின்றிருக்கிறீர்களா? முள்ளும் பச்சையுமாகக் குவிந்து கிடக்கும், லாரி லாரியாக எந்த ஊருக்கு எத்தனை என்று கூப்பிட்டு ஏற்றுவார்கள். எனக்கு உலகத்திலேயே பிடித்த வாசனை அதுதான். பாட்டி கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளப்பார். பால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். படத்தில் காய் வெடித்து நுரை வழியும்போது எனக்கு அந்த வாசனையே வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தின்கிற ஒன்றின் உருவத்தில் அந்த ஆபத்து வந்தது இன்னும் தாங்கவில்லை.

தயாரிப்பு நிறுவனம் வற்புறுத்தி முன்னும் பின்னும் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சியைச் சேர்த்து, நம்பிக்கையோடு முடித்தது. சீகல் நினைத்த முடிவு, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே டாக்டராக நடித்த கெவின் மெக்கார்த்தி கத்திக்கொண்டு நிற்பது. நான் அந்த இடத்தோடு படத்தை நிறுத்திவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காஃப்மன் கதையைச் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குக் கொண்டுபோனார். அதே கெவின் மெக்கார்த்தி இருபத்திரண்டு வருஷம் கழித்தும் கத்திக்கொண்டே ஓடிவந்து டொனால்ட் சதர்லேண்டின் கார் கண்ணாடியில் மோதுகிறார். பழைய படத்துக்கு இதைவிட அழகாக வணக்கம் சொன்ன ரீமேக்கை நான் பார்த்ததில்லை. படம் முழுக்கப் பின்னணியில் குப்பை லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, ஏதோ சாம்பல் நிறத் தூசியை அரைத்துக்கொண்டு. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அது என்ன என்று நமக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. கடைசி ஷாட்டை நான் சொல்லமாட்டேன். 1993-ல் ஏபெல் ஃபெராராவும் 2007-ல் நிக்கோல் கிட்மேனை வைத்தும் மறுபடி எடுத்தார்கள்; முந்தியது ராணுவ முகாமில் நடக்கிறது, பார்க்கலாம். பிந்தியதில் மருந்து கண்டுபிடித்து எல்லாம் சரியாகிவிடுகிறது.

நான் 1956 என்றேன். அவன் 1978 என்றான். "மாமா, உங்க ஊர்ல ஒருத்தர் மாறினா பத்துப் பேருக்குத் தெரியும். எங்க அபார்ட்மெண்ட்ல எதிர் வீட்டுக்காரர் பேரே எனக்குத் தெரியாது. அவர் மாறிட்டாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்?" கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவனிடமிருந்து போன். ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லையாம். ஆறரை மணிக்குத் தெருவில் குப்பை வண்டி வந்த சத்தம் கேட்டு எழுந்து, அது தெருமுனை திரும்பும் வரை பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். எதிர் வீட்டுக்காரரும் அவர் பால்கனியில் நின்றிருந்தாராம்.