பழைய வினாத்தாள்களோடு எட்டு மாதங்கள்

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்யவிருக்கும் என் வார்டுத் தோழி, "அக்கா, லிசனிங்குக்குப் பழைய வினாத்தாள் வாங்கட்டுமா?" என்று சென்ற வாரம் கேட்டார். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள் என்பதும், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும் என்பதும், அந்நாட்டுச் செவிலியர் மன்றம் கேட்டலில் 9-க்கு 7 மதிப்பெண் கேட்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவருக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சொல்லின் கடைசியில் வரும் 'எஸ்' ஒலிதான் என்னை எட்டு மாதம் படுத்தியது. 'டிக்கெட்ஸ்' என்பதை 'டிக்கெட்' என்று எழுதினால் அந்த விடை தவறு. "பத்து மாத்திரை, ரெண்டு ஊசி" என்று நாள் முழுதும் பேசும் நமக்கு எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால், காது அந்தக் கடைசி ஒலியைத் தேடுவதே இல்லை. அடுத்த சொல்லும் அதே ஒலியில் தொடங்கிவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, தேடினாலும் அகப்படாது. விடைப்பட்டியலோ சரியான சொல்லை அச்சிட்டதோடு நின்றுவிடுகிறது. எங்கே தவறவிட்டோம் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லாத புத்தகத்தை இரவுப் பணி முடிந்து வந்து திருத்தும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

ஆனால் என்னைத் தேற்றியதும் அதே புத்தகத்தின் பின்பக்கங்கள்தான். அங்கிருக்கும் ஒலிப்பதிவின் எழுத்துப்படியை மூடி வைத்து, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திக் கேட்டு எழுதி, பிறகு ஒப்பிட்டுத் தவறிய 'எஸ்'களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். முதல் தாளின் நான்காம் பகுதியில் மட்டும் பதினொரு வட்டங்கள். மூன்றாம் மாதத்தில் அவை இரண்டு, மூன்றாகக் குறைந்தன. 27 சரியான விடைகளில் நின்றிருந்த நான், 7 மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ வேண்டிய 30-ஐத் தாண்டியது இதனால்தான். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை.

பழைய தாள்களுக்குக் குறைகளும் உண்டு. 2020-க்கு முந்தைய தாள்களில் முதல் பகுதியின் தொடக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு வரும். இன்றைய தேர்வில் அது கிடையாது. கணினியில் எழுதுபவர்களுக்கு, விடைகளை விடைத்தாளில் படியெடுக்கும் 10 நிமிடமும் இல்லை, சரிபார்க்க 2 நிமிடமே. ஒரே தாளை மூன்றாம் முறை எழுதி 38 வாங்குவதும் வெறும் நினைவாற்றல்தான்.

இவ்வளவு புகழ்ந்தும், வாங்க வேண்டாம் என்றே அவரிடம் சொன்னேன். நான்கு தொகுப்புகளுக்குக் கொடுத்த பணம் இன்னும் உறுத்துகிறது. ஒன்றை முழுமையாகப் பிழிந்திருந்தாலே போதும். என்னுடையதில் ஒன்றைப் பென்சில் விடைகளை அழித்து நாளை கொடுக்கிறேன். சிவப்பு வட்டமிட்ட பக்கங்களைப் பார்க்காமல் முதலில் அவரே கேட்டு எழுத வேண்டும் என்பதால், அவற்றைக் கிளிப் போட்டு மூடியிருக்கிறேன்.