அரை மில்லிமீட்டர் பார்: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

இந்த சைக்கிளை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார், மேல் பாரில் விழுந்த நசுங்கலைச் சரிசெய்து எடுத்து வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது, அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன்.

கியர், பிரேக் எல்லாம் சரி, குறையில்லை. விஷயம் ஃபிரேம்தான். குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) எஃகு, டபுள் பட்டட் குழாய். வெளியே பார்த்தால் முனைக்கு முனை ஒரே பருமன், வித்தை எல்லாம் உள்ளே: இரண்டு முனையிலும் சுவர் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. தான். பாரம் வளைத்துப் பார்ப்பது மூட்டுப் பக்கம், வெல்டிங் சூடு எஃகைத் தளர்த்துவதும் அங்கேதான், அதனால் தடிமன் அங்கே இருந்தால் போதும், நடுவில் வைப்பது வீண் சுமை. பர்மிங்காமில் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், இன்றைக்கும் இதைவிட நேர்த்தியான யோசனை எனக்குத் தெரியவில்லை. நகத்தால் பாரைத் தட்டிக்கொண்டே போனால் முனையில் ‘டொக்’ என்று கேட்பது, ஒரு சாண் தாண்டுவதற்குள் ‘டிங்’ என்று மாறும். வாங்கிய புதிதில் தினமும் தட்டிப் பார்ப்பேன்.

முன்பு வைத்திருந்தது அலுமினியம். எடையும் விறைப்பும் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அந்தக் குழாயைப் பருமனாக்கியே ஆக வேண்டும். சுவர்த் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால் எடை 2 மடங்கு, விறைப்போ கிட்டத்தட்ட 8 மடங்கு. நல்ல கணக்குதான், ஆனால் கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரம் போனால் எனக்குக் கை மரத்துவிடும். இதில் அப்படி இல்லை. டயரின் பங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை.

அப்புறம் அந்த நசுங்கல். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஸ்டாண்டின் கவ்வியை சீட் கம்பத்தில் மாட்டாமல் மேல் பாரின் நட்டநடுவில் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள், ஃபிரேமிலேயே மெல்லிசான இடம் அது. கட்டைவிரல் பதிகிற அளவுக்குக் குழி. எடுக்கப் போகும்போதே கண்ணில் பட்டுவிட்டது, வயிறு எரிந்தது. வேறொருவர் பாரின் விட்டத்துக்கே துளைத்த இரண்டு பாதிக் கட்டைகளை கிரீஸ் தடவிப் பூட்டி, கொஞ்சம் இறுக்குவது, சுற்றுவது, மறுபடி இறுக்குவது என்று பொறுமையாக உருட்டி எடுத்துக் கொடுத்தார். குழாய் உருண்டையாக இருந்ததால் முடிந்தது. பெயின்ட் போய்விட்டது, வெயில் சாய்வாக விழும்போது லேசான அலை இன்னும் தெரிகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நாலு பேர் கை படும், கிடைத்த இடத்தில் சாய்ப்பீர்கள் என்றால் ஒரே தடிமன் உள்ள சாதாக் குழாயே எடுங்கள், சில நூறு கிராம் கூடினால் கூடட்டும். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தரமாட்டேன்.